குசினியில் மீன் நின்ற மாதம்

நான் வேலை பார்க்கும் கட்டடத்தின் வாடகை ஒப்பந்தத்தில் பதினோராவதாக ஒரு வரி உண்டு. ‘வாடகைதாரர்களுக்கு உணவு, பான வசதி செய்து தரப்படும்.’ அவ்வளவுதான். என்ன உணவு, எத்தனை மணிக்கு, யார் சமைப்பது என்பதெல்லாம் அதில் கிடையாது. அந்த வரியை எழுதிய முதலாளி சென்னையில் இருக்கிறார். அதைத் தினமும் சோறாகவும் டீயாகவும் ஆக்கவேண்டிய நான் தூத்துக்குடியில் இருக்கிறேன்.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் நான்கு மாடிக் கட்டடம். பிசினஸ் சென்டர் என்று பெயர்ப்பலகை. அறை அறையாகப் பிரித்து, ஏசியும் இன்டர்நெட்டும் போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறோம். கப்பல் ஏஜென்ட்டுகள், கஸ்டம்ஸில் காகிதம் நகர்த்துகிற கிளியரிங்காரர்கள், காய்ந்த பூவைப் பெட்டி கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர், சரக்கு நனைந்தால் வந்து பார்த்து எழுதித் தருகிற சர்வேயர் என்று எல்லாம் துறைமுகத்தை நம்பிய பிழைப்பு. வாசலில் எந்நேரமும் நாலு கன்டெய்னர் லாரி நிற்கும். நான் சென்டர் மேனேஜர். லிப்ட் நின்றாலும் நான்தான், குழாய் ஒழுகினாலும் நான்தான்.

என்னைப் பற்றி ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. நாசரேத்தில் பிறந்தவள். அப்பா, அம்மா இரண்டு பேரும் வாத்தியார்கள். எங்கள் வீட்டில் ஜெபத்துக்கும் மணி, சாப்பாட்டுக்கும் மணி. எதையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நம்புகிற குடும்பம். எனக்கும் அதே வியாதி. சென்டரில் சேர்ந்த முதல் வருஷமே படிக்கட்டு, லிப்ட், கழிப்பறை, ஜன்னல் என்று ஒன்று விடாமல் அறிவிப்பு ஒட்டினேன். ஒரு நாளும் பாடம் நடத்தாத என்னை என் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். கோபமும் எனக்கு மூக்குநுனியில் நிற்கும். வந்த வேகத்தில் போயும்விடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன். பட்டவர்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கீழ்த்தளத்தில் பின்பக்கமாக இருந்த பெரிய அறையைத்தான் கேன்டீன் ஆக்கினோம். அதை நடத்த ஒரு அக்கா வந்தார். திரேஸ்புரம் பக்கம் வீடு, கணவர் விசைப்படகில் போகிறவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் நான் அக்கா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். உதவிக்குத் தன் நாத்தனாரையும் கூட்டி வந்திருந்தார். கடற்கரைக்காரர்கள் அடுக்களையைக் குசினி என்பார்கள். அக்கா வந்த ஆறே மாதத்தில் கட்டடம் முழுக்கக் கேன்டீன் என்ற சொல்லை மறந்துவிட்டுக் குசினி என்றது. நான் ஒட்டிய பலகையில் மட்டும் கேன்டீன் இருந்தது.

அக்காவிடம் ஒரு பழக்கம். யாரிடமும் என்ன வேண்டும் என்று கேட்கமாட்டார். காலை பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும் டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு மாடியாகப் போவார். சர்வேயருக்குச் சர்க்கரை இல்லாமல், பூக்காரருக்குக் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி, தொண்டை கட்டியிருக்கிற டைப்பிஸ்ட் பெண்ணுக்கு வெந்நீரில் மிளகு. எப்படித் தெரியும் என்றால், “முகத்தப் பாத்தா தெரியாதா மேடம்” என்பார். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், லீவு போட்டால் நாத்தனாருக்கு உதவும் என்று நான் அச்சடித்த பட்டியலே கொடுத்தேன். அதை மடித்து ஆடுகிற மேசைக்காலுக்கு அண்டை கொடுத்திருந்ததைப் பிறகு பார்த்தேன்.

இரண்டாம் மாடியில் காயல்பட்டினத்து அண்ணன் தம்பி இருவர் கிளியரிங் ஆபீஸ் வைத்திருக்கிறார்கள். ஒரு நோன்பு மாதத்தில், அக்கா டீ வண்டியைக் கீழேயே விட்டுவிட்டு, ஒரு கையில் கெட்டிலும் மறுகையில் கோப்பைகளுமாகப் பின்பக்கப் படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறுவதைப் பார்த்தேன். லிப்டும் வண்டியும் வாங்கிக் கொடுத்தது எதற்கு என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“லிப்டுல போனா அவ்வோ வாசலத் தாண்டித்தான் போவணும் மேடம். நோம்பு பிடிச்சிருக்கவங்க மூக்குல டீ வாசத்தக் காட்டிக்கிட்டுப் போவலாமா?”

“அவங்க சொன்னாங்களா?”

“கேட்டா, அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீங்க போங்கன்னுதான் சொல்லுவாங்க. அதுக்காவ?”

மாதம் முழுக்க அப்படித்தான் ஏறினார். அந்த அண்ணன் தம்பிகள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெருநாளன்று குசினிக்கு ஒரு பெரிய சட்டி பிரியாணி வந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கேட்காமலே தெரிந்துகொள்வது, தெரிந்ததைச் சொல்லாமலே செய்வது. இதுதான் மரியாதை, நானும் இப்படி இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புத்தான் பின்னால் வினையாயிற்று.

மதியச் சாப்பாட்டில் செவ்வாயும் வெள்ளியும் சைவம், மற்ற நாட்களில் பெரும்பாலும் மீன். விளமீன் குழம்பு, சாளைப் பொரியல், கிடைத்தால் சீலா. ஒரு மணிக்குக் குசினியில் கூடுகிற கூட்டத்தைப் பார்க்கவேண்டும். காலையில் ஒரு கப்பலுக்காக ஒருத்தரை ஒருத்தர் கடித்துக் குதறிய இரண்டு ஏஜென்ட்டுகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து மீன்தலைக்குச் சண்டை போடுவார்கள். நான் அந்தக் கூட்டத்தில் கிடையாது. வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவந்து, என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவேன். நிர்வாகம் என்றால் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கவேண்டும் என்பது என் கொள்கை.

குசினியின் மூலையில், பெரிய அடுப்புகளுக்கு எட்டாத இடத்தில், அக்கா ஒற்றை அடுப்பு ஒன்று போட்டிருந்தார். அதற்கென்று கைப்பிடியில் மஞ்சள் நூல் சுற்றிய ஒரு சின்னத் தூக்குச்சட்டி, ஒரு கரண்டி. அந்தச் சட்டியில் கொஞ்சம்போல ரசம் கொதிக்கும். இத்தனூண்டு ரசத்துக்குத் தனி அடுப்பா, கேஸ் என்ன சும்மாவா வருகிறது என்று ஒரு தடவை கத்தினேன். “அது அப்படித்தான் மேடம்” என்று சிரித்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவருக்கே ஏதோ பத்தியம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

மூன்றாம் மாடியில் உப்பு ஏற்றுமதி செய்கிற அண்ணாச்சி இருந்தார். ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளம். மாடியில் பாதி அவருடையது, எங்கள் வாடகைதாரர்களில் பெரியவர். நெற்றியில் திருநீறு, வெள்ளை வேட்டி, அதிர்ந்து பேசமாட்டார். சுத்த சைவம் என்று கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கவேண்டிய சமயம். இரண்டு முறை காகிதத்தை அனுப்பியும் கையெழுத்து வரவில்லை. முதலாளி போனில் கூப்பிட்டார். “அண்ணாச்சிக்கு என்ன குறைன்னு பாருங்க. அவர் போனா அந்த மாடியில பாதி காலி.”

நான் பார்த்தேன். அடுத்த புதன்கிழமை பன்னிரண்டரை மணி. கீழே சாளை பொரிகிற வாசம் லிப்ட் வழியாக ஏறி மாடியெல்லாம் நிறைந்திருந்தது. லிப்ட் கதவு திறந்ததும் உள்ளே அண்ணாச்சி. கைக்குட்டையை மடித்து மூக்கையும் வாயையும் சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார். கண்ணில் தண்ணீர். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் காரை நோக்கிப் போனார்.

இதற்குமேல் என்ன வேண்டும்? இத்தனை வருஷம் பொறுத்துக்கொண்டிருந்த மனிதர், வாய்விட்டுச் சொல்ல மனமில்லாமல் கையெழுத்தை நிறுத்தி வைத்திருக்கிறார் என்று எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. அவரிடம் போய்க் கேட்டால், அதெல்லாம் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது. அக்கா பின்பக்கப் படிக்கட்டில் ஏறினாரே, அந்த மாதிரி நானும் சத்தமில்லாமல் செய்துவிடவேண்டும். அன்று சாயங்காலமே தட்டச்சு செய்து குசினி வாசலில் ஒட்டினேன். ‘வாடகைதாரர்களின் நலன் கருதி நாளை முதல் கேன்டீனில் அசைவம் சமைக்கப்படமாட்டாது.’

மறுநாள் காலை அக்கா மீன்கூடையோடு வந்து அதன் முன் நின்றார். இரண்டு தரம் படித்தார். கூடையை நாத்தனாரிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு என் அறைக்கு வந்தார்.

“என்ன மேடம் இது? மீனு கெட்டுப் போச்சுதுன்னு யாரும் சொன்னாங்களா?”

“சமையல்ல ஒரு குறையும் இல்லக்கா. வாசம்தான். மூணாம் மாடி அண்ணாச்சி மூக்கப் பொத்திக்கிட்டு லிப்டுல போறாங்க. பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.”

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. “அண்ணாச்சியா? அண்ணாச்சி அப்படிச் சொன்னாங்களா?”

“கேட்டா ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவாங்க” என்றேன் நான்.

நோன்பு மாதத்தில் அக்கா சொன்ன வாக்கியம்தான். அவரிடமே அதைத் திருப்பிக் கொடுத்தோம் என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. அக்கா சரி மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் சாம்பாரும் கூட்டும் வைத்தார். நன்றாகத்தான் இருந்தது என்றார்கள். ஆனால் ஆள் குறைந்துகொண்டே வந்தது. சர்வேயர் வீட்டிலிருந்து மீன் கொண்டுவந்து, காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். ஏஜென்ட் ஆபீஸ் பையன்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தினசரியை விரித்தார்கள். எங்கிருந்தோ இரண்டு பூனைகள் வந்து சேர்ந்தன. மொட்டைமாடியில் உணவு உண்ணக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டினேன். மறுநாள் அதே தாளில் முள்ளைச் சுருட்டிப் போட்டிருந்தார்கள். காயல்பட்டினத்து அண்ணன் தம்பிகள் ஹோட்டலுக்குப் போக ஆரம்பித்தார்கள்.

பதின்மூன்றாம் நாள் அக்கா வரவில்லை. நாத்தனார் வந்து குசினிச் சாவியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். எனக்குக் கோபம்தான் வந்தது. மீன் இல்லையென்றால் சமைக்கமுடியாதா, இதென்ன பிடிவாதம், போனால் போகட்டும் என்று பொரிந்து தள்ளினேன். ஒரே வாரத்தில் தளத்துக்கு ஒரு டீ மிஷின் வைத்தேன். பட்டனை அமுக்கினால் டீ, இன்னொன்றை அமுக்கினால் காப்பி, மூன்றாவதை அமுக்கினால் சூப். மூன்றும் ஒரே ருசி. மதியத்துக்கு ஒரு ஹோட்டலிலிருந்து பெட்டிச் சாப்பாடு ஏற்பாடு செய்தேன். உணவு, பான வசதி செய்து தரப்பட்டது. பதினோராவது வரிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

எல்லோரும் பெட்டியை வாங்கிக்கொண்டு தங்கள் மேசையிலேயே சாப்பிட்டார்கள். ஒரு மணிக்குக் கட்டடத்தில் ஏசி சத்தம் மட்டும் கேட்டது. முதல் இரண்டு நாள் அந்த அமைதி எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாம் நாள் என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்து, பாதிச் சோற்றோடு மூடி வைத்துவிட்டேன். ஏன் என்று தெரியவில்லை. தயிர் புளித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் அண்ணாச்சி என் அறைக்கு வந்தார். கையில் ஒரு கவர். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்தான் என்று எழுந்து நின்று வாங்கினேன். பிரித்தால், இரண்டு மாதத்தில் காலி செய்கிறேன் என்று கடிதம்.

“அண்ணாச்சி, வாசம்தான் இப்ப இல்லியே. நான்தான் மீனை நிறுத்திட்டேனே” என்று வாய் தவறி வந்துவிட்டது.

“மீன நிறுத்துனதுக்கும் எனக்கும் என்னம்மா?”

நான் லிப்டையும் கைக்குட்டையையும் சொன்னேன். அண்ணாச்சி என்னையே பார்த்தார். பிறகு வாயைத் திறந்து, விரலால் கன்னத்தை விலக்கி, உள்ளே கடைவாயில் காலியாக இருந்த இடத்தைக் காட்டினார்.

“அன்னைக்குக் காலையில பல்லு புடுங்கியிருந்தது. ரத்தம் நிக்கல, அதான் துணியை வெச்சுப் பொத்திக்கிட்டு மறுபடி டாக்டர்ட்ட ஓடுனேன். மீன் வாசம் எனக்கென்ன புதுசா? இந்த ஊர்லயே பொறந்து வளந்தவன். அந்த வாசம் மேல ஏறுச்சுன்னா மணி பன்னெண்டரைன்னு பேனாவ மூடி வெப்பேன். கொஞ்ச நேரத்துல அந்த அம்மா ரசம் கொண்டு வருவாங்க.”

“ரசமா?”

“ஒங்களுக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரி தவறுன வருஷம். சோத்த மட்டும் வீட்டுலேர்ந்து கொண்டு வந்து மோர ஊத்திப் பெசஞ்சு சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். டீ கொண்டு வந்த அம்மா பாத்திருக்காங்க. மறுநாள் ஒரு தூக்குச்சட்டியில ரசம் வந்துச்சு. நான் கேக்கல, அவங்களும் சொல்லல. சட்டியில மஞ்சநூல் சுத்தியிருந்தத பாத்துத்தான், எனக்குன்னு தனியா வெச்சிருக்காங்கன்னு புரிஞ்சிக்கிட்டேன். மூணு வருஷமா அதான் எனக்கு மத்தியானச் சாப்பாடு.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டிலேயே ஆபீஸ் வைத்துக்கொள்ளுங்கள் என்று மகன் நச்சரிக்கிறானாம். இவர்தான் பிடிகொடுக்காமல் இழுத்துக்கொண்டிருந்தாராம். “வீட்டுல உக்காந்தா மத்தியானம் யாரு மொகத்தப் பாக்க? இங்கன வந்தா கீழ ஒரு சத்தம் கேக்கும், ஒரு வாசம் வரும். இப்பம் அதும் இல்ல. பெறகு இங்க என்ன, வீட்டுல என்ன. கடைசி பத்துப் பன்னெண்டு நாளு அந்த அம்மா வரல, நாத்தனாருதான் ரசத்த வாசல்ல வெச்சுட்டுப் போனாங்க. முட்டுவலி போலன்னு நெனச்சேன். பெறகு அதும் நின்னு போச்சு. ஒங்ககிட்ட கேப்பமான்னு நெனச்சேன். கேட்டா ஒங்களுக்குச் சங்கடமா இருக்குமோன்னு விட்டுட்டேன்.”

அவரும் கேட்கவில்லை. அக்காவும் அவரிடம் போய்க் கேட்கவில்லை. நான் யாரிடமும் கேட்கவில்லை. இத்தனை மரியாதை தெரிந்த மனிதர்கள் ஒரே கட்டடத்தில் இருந்து, ஒரு வார்த்தை கேட்க ஆளில்லாமல் ஒரு அடுப்பை அணைத்துவிட்டோம். அணைத்தது நான்தான், அதில் மற்றவர்களைச் சேர்ப்பது நியாயமில்லை.

கடிதத்தை ஒரு வாரம் தன்னிடமே வைத்துக்கொள்ளும்படி அண்ணாச்சியிடம் கேட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், கட்டிய பட்டுச்சேலையோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திரேஸ்புரம் போனேன். அங்கேயும் பூசை முடிந்து சனங்கள் தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு என்பதால் படகுகள் போகவில்லை. அக்கா வீட்டைக் கேட்டதும் இரண்டு பெண்கள் கூடவே வந்து வாசல்வரை கொண்டுவிட்டார்கள்.

அக்கா என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்ட மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. “வாங்க மேடம்” என்று நாற்காலி போட்டார். விரல்கள் வெளுத்து, நுனியெல்லாம் வெடித்திருந்தன. இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போகிறாராம், காலையிலிருந்து ஐஸில் கை இருக்கும் என்று நாத்தனார் சொன்னார். மிளகு பதம் பார்த்துப் போடுகிற கை அது. எனக்கு அங்கேயே அழுகை முட்டியது. வெட்கமாகவும் இருந்தது.

“அக்கா, அண்ணாச்சி ஒண்ணும் சொல்லல. அன்னைக்கு அவருக்குப் பல்லு பிடுங்கியிருந்தது. ரத்தம் வந்திருக்கு. அதான் துணி. நான் தப்பா நெனச்சுட்டேன்.”

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“நா என்ன நெனச்சேன் தெரியுமா மேடம்? மூணு வருசம் என் கையால வாங்கிக் குடிச்ச மனுசருக்கு, இப்பம் என் மேல வார வாசமே ஆவல்லன்னு நெனச்சேன். அதான் மேல போவல. குளிச்சி வேற சேல மாத்தித்தான் அந்த ரசத்த வெப்பேன், தெரியுமா? அப்பவும் அவுங்க மொகத்துக்கு நேரா போய் நிக்க மனசு வரல. அவளத்தான் அனுப்புனேன். பெறகு அதும் அவுங்களுக்குக் கஷ்டமா இருக்குமோன்னு தோணிச்சி. வேண்டாம்னு நின்னுட்டேன்.”

“அவர் ஒரு நாளும் அப்படி நெனச்சதில்லக்கா.”

“அப்பம் ரெண்டாம் மாடியில சொன்னாங்களா?”

“இல்ல.”

“சர்வேயர் சாரு?”

“இல்லக்கா, யாருமே சொல்லல.”

அக்கா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“அப்பம் யாருக்கு மேடம் நாறிச்சி?”

நாசரேத்தில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை மட்டும் மீன். சாப்பிட்டு முடித்ததும் அம்மா ஜன்னலையெல்லாம் திறந்துவிடுவாள், எலுமிச்சைத் தோலால் மேசையைத் தேய்ப்பாள், எங்கள் கையை முகர்ந்து பார்த்துத்தான் வெளியே விடுவாள். மீன் தின்பதில் தப்பில்லை, தின்றது வெளியே தெரியக்கூடாது. பெரிய ஆபீஸ் என்றால், கண்ணாடிக் கதவு என்றால், அங்கே இந்த வாசம் இருக்கக்கூடாது என்று என் மண்டைக்குள் யாரோ எப்போதோ ஒட்டிவிட்டுப் போன அறிவிப்பு ஒன்று இருந்திருக்கிறது. நாலு வருஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டது நிர்வாகத்துக்காக ஒன்றுமில்லை. அண்ணாச்சியின் கைக்குட்டை எனக்கு ஒரு சாக்கு. அக்கா யாரையும் கேட்காமல் நோன்புக்காரர்களுக்காகத் தன் காலை வருத்திக்கொண்டார். நான் யாரையும் கேட்காமல் அக்காவின் அடுப்பை அணைத்தேன். இரண்டையும் ஒன்றென்று நினைத்திருந்தேன்.

“எனக்குத்தான்” என்றேன்.

அக்கா தலையை ஆட்டினார். பரவாயில்லை மேடம் என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்போல. அவர் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனார். ஒரு தட்டில் சோறும், மேலே விளமீன் குழம்பும் ஊற்றிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். “நேத்து வெச்ச கொழம்பு. இன்னைக்குத்தான் ருசியா இருக்கும்.” பட்டுச்சேலையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் வாங்கினேன். நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் நாலு வருஷமாகப் பரிமாறிய சமையலை அன்றுதான் முதல் தடவையாக ருசி பார்த்தேன்.

கை கழுவி வந்தபோது, அலமாரியில் அந்தத் தூக்குச்சட்டி கவிழ்த்து வைத்திருப்பதைப் பார்த்தேன். மஞ்சள் நூல் அப்படியே இருந்தது. சாவியைக் கொடுத்தனுப்பியவர் சட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். என் கண் போன இடத்தை அக்கா கவனித்துவிட்டார்.

“இதுல இது வர மீனு பட்டதில்ல மேடம். இங்கன கொண்டு வந்தும் எதுக்கும் எடுக்கல.”

“குடுங்கக்கா, அண்ணாச்சிகிட்ட நான் கொண்டுபோய்க் குடுக்கேன். நீங்க எப்ப வாரீங்கன்னும் சொல்லுதேன்” என்று கையை நீட்டினேன்.

“வேண்டாம்” என்று சட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “நானே கொண்டு போவுதேன்.”

கையோடு கொண்டுபோயிருந்த குசினிச் சாவியைக் கிளம்பும்போது அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். திங்கட்கிழமை நான் போகும்போது குசினி திறந்திருந்தது. வாசலில் நான் ஒட்டிய அறிவிப்பை யாரும் கிழிக்கவில்லை. நான்தான் கிழிக்கவேண்டும் என்று விட்டுவைத்திருந்தார்கள். நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். பன்னிரண்டரைக்குச் சாளை பொரிகிற வாசம் லிப்டில் ஏறியது. ஒரு மணிக்கு அக்கா, வேறு சேலை மாற்றிக்கொண்டு, தூக்குச்சட்டியோடு மூன்றாம் மாடிக்குப் போனார். இறங்கி வர நேரமாயிற்று. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டு வந்தார். அண்ணாச்சி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அன்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்.

மறுநாள் பதினொன்றுக்கு டீ வண்டி பழையபடி கிளம்பியது. சர்வேயருக்குச் சர்க்கரை இல்லாமல், பூக்காரருக்குச் சுக்குக் காப்பி, யாரிடமும் ஒரு கேள்வி இல்லாமல் அவரவர் மேசையில் அவரவர் கோப்பை. கடைசியாக என் அறை வாசலில் வண்டி நின்றது. அக்கா கெட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். முன்பெல்லாம் எனக்கும் கேட்காமலே ஊற்றுகிறவர், ஊற்றவில்லை.

“ஒங்களுக்கு என்ன வேணும் மேடம்?” என்றார்.

அன்றிலிருந்து தினமும் கேட்கிறார். அந்தக் கட்டடத்தில் என்னிடம் மட்டும்.